தயிர் லொறியும் என் பின் பம்பரும்

பிழை என்னுடையது இல்லை. என்றாலும் கதவைத் திறந்து இறங்கியவுடன் என் வாயில் வந்த முதல் சொல் "சொறி." இடித்தவர் அவர், நின்றுகொண்டிருந்தவள் நான். எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள்: யார் காலை யார் மிதித்தாலும் மன்னிப்பை நாங்கள் முந்திக் கேட்டுவிடுவோம்.

நான் நின்றது ஒரு புள்ளிமானுக்காக.

வெளியூர் ஆட்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். திருகோணமலைப் பட்டினத்துக்குள் மான்கள் சும்மா நடமாடும். பிரட்றிக் கோட்டைக்குள்ளே மரநிழலில் படுத்திருக்கும். கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்களின் கையிலிருக்கும் வாழைப்பழத்தை மோந்து பார்க்கும். விடியப்புறத்தில் கோட்டையைவிட்டு இறங்கி மெக்கெய்சர் மைதானம், பஸ் நிலையம் என்று ஒரு சுற்றுவந்து, கோவா இலை, பழத்தோல், சிலவேளை பொலித்தீன் பையையும் சேர்த்துத் தின்றுவிட்டுத் திரும்பும். இந்த ஊரில் கார் ஓட்டிப் பழகினவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஒரு மான் வீதியைக் கடந்தால், அதன் பின்னால் இன்னொன்று நிற்கும். முதல் மானுக்கு யாரும் நிற்பார்கள். இரண்டாவது மானுக்காகப் பொறுத்து நிற்பவர்தான் திருமலைக்காரர்.

அன்று சனிக்கிழமை, காலை ஆறரை மணி. பக்கத்து இருக்கையில் அம்மா, அவருடைய மடியில் சந்தைக் கூடை. முதல் மான் போய்விட்டது. இரண்டாவது மண்ணோரத்தில் நின்று, போகவா வேண்டாமா என்று கழுத்தை நீட்டிப் பார்த்தது. நான் பிறேக்கில் கால் வைத்தபடி காத்திருந்தேன். பின்னால் வந்தவர் முதல் மான் போனதைக் கண்டார், இனி இவ எடுப்பா என்று நினைத்தார். அவர் நினைத்ததில் குற்றம் சொல்லமாட்டேன். அரிசி மூட்டையை நிலத்தில் போட்டமாதிரி ஒரு சத்தம். அதோடு சேர்ந்து சட்டிகள் உடைகிற சத்தம். இரண்டாவது மான் வெருண்டு, வந்த வழியே கோட்டைப் பக்கம் திரும்பி ஓடியது.

இடித்தது ஒரு பட்டா லொறி, சின்னச் சாமான் வண்டி. பின் தட்டில் தயிர்ச்சட்டிகள், நாலு அடுக்கு, இடையிடையே வைக்கோல். மேலடுக்கில் மூன்று சட்டிகள் முன்னால் சறுக்கி கபினின் இரும்பில் மோதியிருந்தன. எருமைத் தயிர் தண்ணி மாதிரி ஓடாது. பலகை நீக்கல்களுக்குள்ளால் கட்டி கட்டியாக இறங்கி, கொஞ்ச நேரம் தொங்கி, பிறகு தாரில் விழும். ஆட்கள் வந்து சேருவதற்கு முன்னமே நாய்கள் வந்துவிட்டன.

சேதத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பின் பம்பர் ஒரு பக்கம் கழன்று தொங்கியது, இடப்பக்கச் சிவப்பு லைட் வெடித்திருந்தது, டிக்கிக் கதவில் ஒரு சின்ன நெளிவு. அவருக்கு நம்பர் தகடு மடங்கியிருந்தது, முன் கிறில் உடைந்திருந்தது, மூன்று சட்டி தயிரும் போய்விட்டது. யாருக்கும் காயம் இல்லை. காயம் என்றிருந்தால் இந்தக் கட்டுரையே வேறு. முதலில் 1990 க்கு அடித்து அம்புலன்ஸ், அடுத்தது பொலிஸ், அதற்குள் வேறு கதைக்கு இடமில்லை.

ஐந்து நிமிஷத்தில் வழக்குமன்றம் கூடிவிட்டது. ஓட்டோத் தரிப்பிடத்து அண்ணை ஒருவர் தானாகவே நீதவானாகிக்கொண்டார். "பின்னால வந்தவர்தான் பிழை. உலகச் சட்டம் அது." சைக்கிளில் வந்த ஐயா ஒருவர், "இல்லை, அவ சடின் பிறேக் அடிச்சவ, நான் கண்டனான்" என்றார். சைக்கிள் வந்து நின்றதே இடித்து இரண்டு நிமிஷத்துக்குப் பிறகு. இருவரும் என்னையோ லொறிக்காரரையோ பார்க்கவில்லை, ஒருவரை ஒருவர் பார்த்துத்தான் வாதாடினார்கள். நடுவில் யாரோ, "என்னத்துக்கு இன்சூரன்ஸ், ஒரு தொகையைப் பேசி முடியுங்கோவன்" என்றார்.

அந்தப் "பேசி முடியுங்கோவன்" எனக்குப் பழக்கமானது. 2016 இல் உப்புவெளிப் பக்கத்தில் ஒரு வான் என் பக்கக் கதவை உரசிவிட்டுப் போனபோது பேசித்தான் முடித்தேன். நல்லாய் உடுத்திய மனுசர், நல்ல கதை. "தங்கச்சி, கராஜில காட்டிப்போட்டு எனக்கு எடுங்கோ, காசை உடனே போட்டுவிடுறன்" என்று இலக்கம் தந்தார். அந்த இலக்கம் அன்று பின்னேரமே பாவனையில் இல்லை. வான் நம்பரைக் கூட நான் குறிக்கவில்லை, ஏனென்றால் ஆள் அவ்வளவு மரியாதையாகக் கதைத்தார். பேசித் தீர்க்கிற இடத்தில் வாய் உள்ளவர் வெல்வார். வயது, ஆண்குரல், பாஷை, பக்கத்தில் நிற்கிற பழக்கமான ஆட்கள் எல்லாம் பேச்சோடு சேர்ந்துகொள்ளும். நானும் இன்னொரு பெண்ணும் இடிபட்டால் ஒருவேளை பேசலாம். மற்றப்படி எனக்கு முதலில் கடதாசி வேண்டும், பேச்சு அதற்குப் பிறகு வரட்டும்.

ஆகவே இறங்கியவுடன் போனை எடுத்தேன். இரண்டு வாகனமும் வீதியில் நிற்கிற நிலையில் நாலு பக்கத்தாலும் படம், இரண்டு நம்பர் தகடும் தெரிகிறமாதிரி ஒன்று, பின்னால் மைதானத்துச் சுவர் விழுகிறமாதிரி ஒன்று. பிறகு இருவரும் வாகனங்களை ஓரத்துக்கு எடுத்தோம். எங்கள் நாட்டில் இன்சூரன்ஸ்காரர் வரும்வரைக்கும் வாகனத்தை அசைக்கக்கூடாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஒரு பம்பருக்காக நடுவீதியில் மணிக்கணக்காக நின்று, பின்னால் இரண்டு பஸ், ஒரு பவுசர், ஒரு கலியாண வானை மறித்துவைத்திருப்பார்கள். படம் இருந்தால் நகர்த்தலாம். என் கம்பனிக்காரரும் பிறகு அதைத்தான் சொன்னார்கள்.

லொறிக்காரருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும், தொப்பி போட்டிருந்தார், ஊர் கிண்ணியா. "மிஸ், உங்களுக்கு ஒண்டும் இல்லையே? உம்மாக்கு ஒண்டும் இல்லையே?" என்று மூன்று தரம் கேட்டார். கை நடுங்கியது. நான், "நானா, ஒரு பிரச்சினையும் இல்லை. உங்கட இன்சூரன்ஸ் காட்டை ஒருக்காத் தாங்கோ, என்ர காட்டை நான் தாறன். ரெண்டு பேரும் எழுதி எடுப்பம்" என்றேன். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் முகத்தில் ஒரு சின்னத் தெளிவு வந்ததைக் கண்டேன். காசு கேட்கப்போகிறாள் என்று நினைத்திருப்பார்.

வெயில் மறைப்புத் தட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பொலித்தீன் உறையை எடுத்தார். உள்ளே பெற்றோல் துண்டு ஒன்று, ஒரு பையனின் பாஸ்போர்ட் அளவுப் படம், நாலாக மடித்த இன்சூரன்ஸ் காட். மடிப்பில் எழுத்து அழிந்திருந்தது. என்னிடம் இருந்தது விடைத்தாள் திருத்துகிற சிவப்புப் பேனையும் ஒரு பயிற்சிக் கொப்பியும்தான். போனட்டில் கொப்பியை வைத்து எழுதினேன்: வாகன இலக்கம், காப்புறுதிக் கம்பனி, பொலிசி இலக்கம், எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை, சாரதி அனுமதிப் பத்திர இலக்கம், தொலைபேசி இலக்கம். தொலைபேசி இலக்கத்தை எழுதியவுடன் அங்கேயே ஒரு மிஸ்கோல் அடித்துப் பார்த்தேன். உப்புவெளி ஐயா தந்த படிப்பு. அவருடைய சட்டைப்பைக்குள் போன் அடித்தது.

காட்டில் இருந்த பெயர் அவருடையது இல்லை.

"அது மச்சான்ட பேர், மிஸ். ஓப்பன் பேப்பர்ல எடுத்தது."

இதுவும் எங்கள் ஊர் வழமைதான். விற்றவர் கையெழுத்துப் போட்ட கடதாசியைத் தருவார், வாங்கியவர் பேர் மாற்றாமலே ஓட்டுவார், அடுத்தவருக்கும் அப்படியே விற்பார். காசு மிச்சம், கச்சேரி அலைச்சலும் மிச்சம். ஆனால் இடிபட்ட காலையில் பதிவுச் சொந்தக்காரர் ஒருவர், காப்புறுதி எடுத்தவர் ஒருவர், ஓட்டியவர் ஒருவர் என்று மூன்று ஆட்கள் ஒரு லொறிக்குள் இருப்பார்கள். கிளெய்ம் என்று வந்தால் கையெழுத்து காட்டில் பேர் இருக்கிறவருடையதுதான் வேண்டும். நல்லகாலத்துக்கு மச்சான் வெளிநாட்டில் இல்லை, கிண்ணியாவில்தான் இருந்தார். மூன்று பேரையும் கொப்பியில் எழுதினேன்.

பிறகு நடந்த கதையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும், கொஞ்சம் வயிற்றெரிச்சலும் வரும். "நானா, இது தேர்ட் பாட்டி" என்றேன். "ஓம் மிஸ், தேர்ட் பாட்டிதான். ஃபுல்லா இரிக்கி" என்றார். நான் திரும்பவும், "ஃபுல் இல்லை, தேர்ட் பாட்டி." "ஃபுல்லாக் கட்டிட்டன் மிஸ், ஒரு சதம் பாக்கி இல்ல." ஒரு வருடக் காசை முழுதாகக் கட்டினபடியால் அது ஃபுல் இன்சூரன்ஸ் என்று இத்தனை வருடமாக அந்த மனுசன் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். காட் முழுக்க இங்கிலிஷ், மணல் மாதிரிப் பொடி எழுத்து. தன் கிறில்லுக்கும் தன் தயிருக்கும் அந்தக் கடதாசி ஒரு சதமும் தராது என்பதை அவருக்கு முதலில் சொன்ன ஆள் நான். அவர் இடித்த காரின் சொந்தக்காரி.

சட்டம் கட்டாயம் என்று சொல்வது மூன்றாம் தரப்புக் காப்புறுதியை மட்டும்தான். 1951 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்திலிருந்து வருவது அது. எங்களால் மற்றவர் காயப்பட்டால், செத்தால், அவர் நடுத்தெருவில் நிற்கக்கூடாது என்பதுதான் அதன் நோக்கம். மற்றவரின் சொத்துச் சேதத்துக்கு எவ்வளவு வரை என்று பொலிசியில் ஒரு எல்லை போட்டிருப்பார்கள், அதைத் தேடிப் பார்க்கவேண்டும். எங்கள் வாகனத்துக்கு எதுவும் இல்லை. காப்புறுதிச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப் பத்திரம் எடுக்க முடியாது என்பதால், கண்ணாடியில் திகதி முடியாத பத்திரம் ஒட்டியிருந்தால் ஏதோ ஒரு இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறார் என்று ஊகிக்கலாம். என்ன இன்சூரன்ஸ் என்பது கண்ணாடியில் தெரியாது.

பிறகு என் முறை. அவருடைய போனில் என் காட்டைப் படம் எடுக்கக் கொடுத்தேன். கூட்டத்திலிருந்த ஒரு பொடியன், "அக்கா, அடையாள அட்டையையும் குடுங்கோ" என்றான். கொடுக்கவில்லை. அடையாள அட்டை இலக்கத்தில் முதலில் வருவது பிறந்த வருடம், அடுத்தது வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 ஐக் கூட்டிவைத்திருப்பார்கள். பழைய ஒன்பது இலக்கமும் வி எழுத்தும் உள்ள அட்டை என்றாலும் சரி, 2016 இலிருந்து வந்த பன்னிரண்டு இலக்கம் என்றாலும் சரி, பார்த்தவுடன் வயதைச் சொல்லிவிடலாம். வயதை மறைக்கிற ஆள் இல்லை நான். ஆனால் ஒரு பம்பருக்காக வீட்டு விலாசமும் பிறந்த நாளும் பத்துப் பேருடைய போனுக்குள் போகத் தேவையில்லை. பொலிஸ் கேட்டால் கொடுப்பேன். வாகன நம்பர், பொலிசி, லைசன்ஸ் இலக்கம், போன் நம்பர், இவ்வளவும் மற்ற டிரைவருக்குப் போதும்.

அடுத்தது கம்பனியின் அவசர இலக்கம். சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு, ஆங்கிலத்துக்கு மூன்று. இரண்டை அமத்திவிட்டு நாதஸ்வரம் கேட்டேன். கிட்டத்தட்ட எட்டு நிமிஷம் கேட்டேன். கடைசியில் வந்த பிள்ளை நல்ல மரியாதை. எங்கே என்று கேட்டா. மைதானம், கோட்டை, மணிக்கூட்டுக் கோபுரம் என்று சொன்னேன், ஒன்றும் அவவுக்குப் பிடிபடவில்லை. "கிட்டடியில பெரிய சந்தி ஏதும் சொல்லுங்கோ" என்றா. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அனுராதபுரச் சந்தி" என்றேன்.

திருகோணமலைக்காரருக்கு அனுராதபுரச் சந்தி என்றால் பட்டினத்து வாசலில் இருக்கிற சந்தி. இருபது நிமிஷத்தில் ஒருவர் எடுத்தார், சிங்களத்தில். "மிஸ், நான் அனுராதபுரத்துக்கு வந்துவிட்டேன், எந்தச் சந்தி?" அவருக்கும் எனக்கும் இடையில் நூறு கிலோமீற்றருக்கு மேல் காடும் ஹொரவப்பொத்தானையும் இருந்தன. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கு இரண்டாவது மன்னிப்பு. அவர் நல்ல சிரிப்புச் சிரித்தார்.

உள்ளூர் மதிப்பீட்டாளர் வந்து சேர எட்டு மணி தாண்டிவிட்டது. அந்த இடைவேளையில் அம்மா தன் வேலையைச் செய்து முடித்திருந்தார். காருக்குள் இருக்கச் சொல்லிவிட்டுப் போனேன், திரும்பிப் பார்த்தால் லொறி நிழலில் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் இருக்கிறார். நான் கொப்பியில் ஆறு இலக்கம் எழுதிய நேரத்தில் அவர், நானாவுக்கு மூன்று பிள்ளைகள், படத்தில் இருக்கிறவன் கடைக்குட்டி, உம்மாவுக்குச் சீனி வருத்தம், சட்டி செய்கிறவர் விலையைக் கூட்டிவிட்டார் எல்லாம் அறிந்துவைத்திருந்தார். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கமுன்னம் 'பாதை'யில், அதாவது வாகனங்களை அக்கரைக்குக் கடத்துகிற மிதவையில், ஏற்றித்தான் தயிர் கொண்டுவந்தவராம், பாதைக்கு வரிசையில் நின்றே பாதித் தயிர் புளித்துவிடுமாம். "அந்த நாள் எண்டால் இந்நேரம் நான் அக்கரையிலதான் நிண்டிருப்பன், உங்கள இடிச்சிருக்க மாட்டன்" என்று அவர் சொல்ல, அம்மா அதை ஒரு நல்ல நியாயமாக ஏற்றுக்கொண்டு தலையாட்டினார். உடையாத சட்டியில் இரண்டை அம்மா வாங்கியும் விட்டார். காசை அவர் வாங்கமாட்டேன் என்றார், அம்மா விடவில்லை.

பிறகு என்னை ஒருபுறம் கூப்பிட்டு, "பாவமடி, விட்டுவிடு" என்றார்.

நான் விடவில்லை. அம்மாவுக்கு இது இன்னும் கோபம். கணக்கைச் சொல்கிறேன். மூன்றாம் கட்டையில் எனக்குப் பழக்கமான டிங்கர் கடைக்காரர் படத்தைப் பார்த்து 38,000 ரூபா என்றார், லைட் பழசில் கிடைத்தால் குறையும். என் ஃபுல் இன்சூரன்ஸில் கிளெய்ம் போட்டால் முதல் 10,000 என் கையால் போகும். அதோடு கிளெய்ம் இல்லாமல் ஓடிய வருடங்களுக்காகத் தருகிற கழிவும் அடுத்த புதுப்பிப்பில் இறங்கிவிடும். அவரிடம் காசாகக் கேட்டால், மாதம் மாதம் ஐயாயிரமாகத் தருவார், தந்துகொண்டே என்னைக் கண்டால் ஒளிப்பார். ஆனால் அவருடைய பொலிசியில் சொத்துச் சேதத்துக்கு எல்லை போட்டிருந்தது, என் சேதம் அதற்குள் அடங்கியது. வருடாவருடம் ஒரு சதம் பாக்கியில்லாமல் அவர் கட்டிய காசு அது. அவருடைய சட்டைப்பைக்குப் பதிலாக அவருடைய கம்பனி தரட்டும்.

மதிப்பீட்டாளர், முப்பது வயதுத் தம்பி, சுற்றிவந்து படம் எடுத்துவிட்டு என் காட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "டீச்சர், உங்கட காருக்குப் போட்டிருக்கிற பெறுமதி எப்பத்தைய?" நான் வாங்கிய காலத்தையது. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய கார்களின் விலை ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் தெரியும். 2025 இல் திரும்பத் திறந்தார்கள். அதற்கிடையில் எத்தனை தரம் புதுப்பித்தேன், ஒருக்காலும் அந்தக் கட்டத்தைப் பார்க்கவில்லை, கட்டுகாசு குறைவாக இருந்ததில் சந்தோஷம். இருபத்து நாலு இலட்சம் பெறுகிற காரைப் பன்னிரண்டு இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால், சேதத்திலும் பாதியைத்தான் தரலாம் என்று பொலிசியில் ஒரு வரி இருக்கும். அதே காலையில் நானாவின் பொடி எழுத்தை வாசித்துக் காட்டிய ஆள் நான். என்னுடையதை இன்னொருவர் வாசித்துக் காட்டவேண்டியிருந்தது.

இன்னொன்றும் அந்தத் தம்பி சொன்னார். "ரோட்டில நிண்டு பிழை என்ரதுதான் எண்டு சொல்லிப்போடாதேங்கோ. கம்பனியைக் கேளாமல் பொறுப்பு ஏற்கக்கூடாது எண்டு பொலிசியில இருக்கு." நான் என் "சொறி"யைப் பற்றி வாய் திறக்கவில்லை.

திங்கட்கிழமை அவருடைய கம்பனியின் கிளைக் கந்தோரில் நானாவும் நானும் ஒரே வாங்கில் இருந்தோம். பொலிஸ் என்ட்ரி கேட்டார்கள் என்று காலையில் அதையும் போட்டுவிட்டு வந்தோம், அதற்கு ஒன்றரை மணித்தியாலம். மச்சானின் கையெழுத்து மடித்த கடதாசியில் வந்திருந்தது. படிவம் சிங்களத்திலும் இங்கிலிஷிலும் இருந்தபடியால் அவருடையதையும் நானே நிரப்பினேன், அதே சிவப்புப் பேனையால். கிளாக்கர் தம்பி நீலப் பேனை தந்து திரும்ப எழுதச் சொன்னார்.

கடைசியில் ஒரு வெறும் பெட்டி: விபத்து நடந்த விதத்தைப் படமாகக் கீறவும். வீதிக்கு இரண்டு கோடு, என் காருக்கு ஒரு பெட்டி, லொறிக்குக் கொஞ்சம் நீட்டுப் பெட்டி, ஓடிய திசைக்கு அம்புக்குறி. முன்னால் நாலு கால், இரண்டு கொம்பு.

கிளாக்கர் தம்பி படிவத்தைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார். "இது என்ன டீச்சர், சைக்கிளா?"

"மான்" என்றார் நானா.

"எந்தப் பக்கம் போனது?"

நானா மைதானத்துப் பக்கம் கையைக் காட்டினார். நான் கோட்டைப் பக்கம் காட்டினேன். தம்பி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சனிக்கிழமை முழுக்க ஒரு வாக்குவாதமும் படாமல் வந்தவர்கள், இப்போதுதான் தொடங்கப்போகிறோம் போல.

"நானா, நீங்க சொல்றது முதல் மான்" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு நிண்டதா, மிஸ்?"

"ரெண்டு நிண்டது."

"அப்ப ரெண்டையும் கீறுங்கோ" என்று தம்பி படிவத்தை என் பக்கம் தள்ளினார். "ரெண்டுக்கும் அம்புக்குறி போடுங்கோ."